சக்கரம் அசையும் முன்பே

நின்றுகொண்டிருக்கும் விமானத்தைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. அது ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது இருக்கையின் கைப்பிடியை இறுக்குகிறோம். இறங்கும்போது மூச்சை அடக்குகிறோம். சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லாம் முடிந்தது என்று பையை எடுக்க எழுகிறோம். பயணிக்கு இந்த மனநிலை இருந்தால் பெரிய கேடு இல்லை. விமானம் ஓட்டக் கற்கும் மாணவருக்கும் இதே மனநிலை வந்துவிட்டால்தான் கேடு. சிறு பயிற்சி விமானங்கள் அடிபடுவதில் கணிசமான பங்கு தரையிலேயே நடக்கிறது. ஹேங்கரிலிருந்து வெளியே தள்ளும்போது, எஞ்சினைக் கிளப்பும்போது, ஓடுபாதைக்கு உருட்டிப் போகும்போது, இறங்கி ஓடி நிற்பதற்குள், நிறுத்திவிட்டு இறங்கும்போது என்று ஒவ்வொரு கட்டத்திலும் நடக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை செய்தித்தாளுக்கு வருவதில்லை. இறக்கை நுனி சுவரில் உரசும். மூக்குச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும். புரொப்பெல்லர் வளையும். யாருக்கும் காயமில்லை என்பதால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். ஆனால் அதே கவனக்குறைவு, அதே அளவில், அதே இடத்தில், எதிரே ஒரு மனிதர் நின்றிருந்தால் உயிரை எடுத்துவிடும். கவனக்குறைவு எவ்வளவு பெரியது என்பதற்கும் அதற்குக் கொடுக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை. அந்த நொடியில் அங்கே யார் நின்றார் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. இதை உணர்ந்தவர், நல்வாய்ப்பாக யாரும் அடிபடாத தவறைச் சின்னத் தவறு என்று ஒதுக்க மாட்டார்.

விமானப் பயிற்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும், நம் எல்லோரையும் தொடும் ஒரு கேள்வியே இதற்குள் இருக்கிறது. ஒரு மனிதன் தன் வேலையில் எந்தப் பகுதியை வேலை என்று மதிக்கிறான், எதை வேலைக்கு முன்னும் பின்னும் வரும் சில்லறைக் காரியம் என்று தள்ளிவிடுகிறான்? கேடு பெரும்பாலும் அந்தச் சில்லறைக் காரியத்தின் வழியாகத்தான் நுழைகிறது.

விமானச் சட்டம் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. 1944-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கைதான் உலகின் குடிமை விமானப் போக்குவரத்துக்கு அடிப்படை. அதன் முதலாம் இணைப்பு விமானிகளின் உரிமங்களைப் பற்றியது. புறப்படும் நோக்கத்தோடு விமானம் முதன்முதலில் அசைந்த நொடியிலிருந்து, பறப்பு முடிந்து கடைசியாக நிற்கும் நொடிவரை உள்ள மொத்த நேரமே பறப்பு நேரம் என்கிறது அந்த இணைப்பு. மாணவரின் பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு மணியிலும் தரையில் உருண்ட நிமிடங்கள் அடங்கியிருக்கின்றன. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணியில் தரையும் பங்காளி.

பதின்மூன்றாம் இணைப்பு விபத்து விசாரணையைப் பற்றியது. அது எல்லையை இன்னும் விரிக்கிறது. பறக்கும் நோக்கத்தோடு ஒருவர் விமானத்தில் ஏறியது முதல், அப்படி ஏறிய எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை நிகழ்வதை அது விபத்தின் வரம்புக்குள் கொண்டுவருகிறது. விமானம் மண்ணை விட்டு எழும்ப வேண்டும் என்ற நிபந்தனை அங்கே கிடையாது.

சட்டம் இத்தனை தூரம் வந்துவிட்டது. மனசாட்சி இதற்கு அப்பாலும் போக வேண்டும். விமானத்தை நோக்கி நடக்கத் தொடங்கும்போதே அதன் எல்லை தொடங்குகிறது. விமானத்தைக் கயிறு கொண்டு கட்டி, நடந்ததை நடந்தபடி எழுதி, அடுத்தவரிடம் ஒப்படைத்த பிறகுதான் அது முடிகிறது. இந்த மூன்றாவது எல்லையை எந்த அதிகாரியும் காவல் காக்க முடியாது. அவரவர்தான் காக்க வேண்டும்.

பயிற்சி விமானம் எத்தனை எளிமையானது என்பதை முதலில் பார்க்கலாம். 1977 முதல் 1985 வரை தயாரான செஸ்னா 152 இன்றும் பல பயிற்சிப் பள்ளிகளில் பறக்கிறது. இரண்டு பேர் உட்காரலாம். எஞ்சினின் திறன் 110 குதிரைத்திறன். முழுச் சுமையோடும் 757 கிலோதான். அதன் அண்ணனான செஸ்னா 172, 1956-ல் விற்பனைக்கு வந்து 44,000-க்கும் மேல் தயாரானது. உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் உருவானதில்லை. இரண்டையும் ஓரிருவர் கையாலேயே தள்ளி நகர்த்திவிடலாம். உள்ளே முன்வரிசையில் காரைப் போல இரண்டு இருக்கைகள் அடுத்தடுத்து இருக்கும், சாவி போட்டுத் திருப்பினால் எஞ்சின் கிளம்பும். இந்தப் பழக்கமான தோற்றம்தான் ஆபத்தை மறைக்கிறது. கார் ஓட்டிய கையோடு வரும் இளைஞர் இதையும் கார் என்றே உள்ளூர நினைத்துவிடுகிறார். காருக்கு இரு பக்கமும் ஐந்து மீட்டர் நீளத்தில் இறக்கை கிடையாது, முகப்பில் வெட்டும் உலோகமும் கிடையாது.

அந்த உலோகத்தின் பெயர் புரொப்பெல்லர். பறக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,400 சுற்று, அதாவது நொடிக்கு 40 சுற்று. அலகுகள் இரண்டு என்பதால் ஒரே இடத்தை நொடிக்கு 80 முறை கடக்கின்றன. தரையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் நொடிக்குப் பத்துக்குமேல் சுற்றும். அந்த வேகத்தில் கண்ணுக்கு அலகுகள் தெரிவதில்லை. முன்னே ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் நண்பரை ஏற்றவோ இறக்கவோ முயன்று, இறங்கியவர் பழக்கத்தில் முன்பக்கமாகச் சில எட்டு நடந்து உயிரையோ கையையோ இழந்த நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. எஞ்சினை அணைத்திருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். திரும்பக் கிளப்ப ஆகும் இரண்டு நிமிடம் மிச்சமாகட்டும் என்று நினைத்ததில் ஓர் உயிர் போயிருக்கிறது.

அணைந்த எஞ்சினும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. இந்த எஞ்சின்களில் தீப்பொறியைத் தருவது மேக்னட்டோ. அதற்கு பேட்டரி வேண்டாம். எஞ்சின் சுழன்றால் தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். சாவியை 'ஆஃப்' நிலைக்குத் திருப்பும்போது ஒரு கம்பி வழியாக அந்த மின்சாரம் எர்த் ஆகிறது. அந்தக் கம்பி அறுந்திருந்தால், சாவி அணைந்ததாகக் காட்டும், மேக்னட்டோ உயிரோடிருக்கும். சிலிண்டரில் கொஞ்சம் எரிபொருள் மிச்சமிருந்து, யாராவது புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் ஒரு சுற்று சீறிப் பாயக்கூடும். அந்த ஒரு சுற்று போதும். இதனால்தான் எஞ்சினைச் சாவியால் நிறுத்துவதில்லை. சிவப்புக் குமிழை இழுத்து எரிபொருளை நிறுத்தி, உள்ளே இருப்பது எரிந்து தீர்ந்து எஞ்சின் தானே அடங்கும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு சாவியைத் திருப்பி, வெளியே எடுத்து, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும்படி முன்கண்ணாடிக்கு அடியில் வைக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும், ஓடும் புரொப்பெல்லருக்குத் தரும் மரியாதையை நிற்கும் புரொப்பெல்லருக்கும் தர வேண்டும் என்பதே பயிற்சியின் முதல் பாடம். சாவி வெளியே இருப்பதை அடுத்தவர் கண்ணால் காணச் செய்வதும் அந்தப் பாடத்தில் ஒரு பகுதி. நான் அணைத்தேன் என்று எனக்குத் தெரிந்தால் போதாது. அருகில் வரும் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும்.

ஒரு காலத்தில் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். 1931-ல் முதன்முதலில் பறந்த டைகர் மாத், இந்தியா உட்படப் பல நாடுகளின் விமானிகளை உருவாக்கியது. அதற்குச் சக்கர பிரேக் கிடையாது. காற்று பலமாக வீசும் நாளில், உருண்டு செல்லும் விமானத்தின் இறக்கை நுனிகளை இரு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். அமெரிக்காவில் 1938-ல் தொடங்கிய குடிமை விமானிப் பயிற்சித் திட்டத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயின்றார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் பைப்பர் கப் என்ற சிறு விமானத்தில் பயின்றார்கள், அதுவும் கையால் கிளப்பும் விமானம்தான். வெளியே நிற்பவர் மேக்னட்டோ சுவிட்சின் நிலையைக் கேட்பார். உள்ளே இருப்பவர் உரக்கத் திருப்பிச் சொல்வார். பதில் காதில் விழாதவரை கை புரொப்பெல்லரைத் தொடாது. சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும், கட்டுப்பாட்டில் ஓட்டத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளில் ஒன்றை விட்டவர்களின் விமானங்கள் ஆளில்லாமலேயே ஓடிப்போய் வேலிகளிலும் வேறு விமானங்களிலும் மோதியிருக்கின்றன. பேட்டரி தீர்ந்த விமானத்தைத் தனியாளாகக் கையால் கிளப்பப் பார்ப்பவர்களுக்கு இன்றைக்கும் அதே கதிதான் நேர்கிறது.

இனி விமானம் அசையத் தொடங்குகிறது. தரையில் உருட்டிச் செல்லும் வேகம் ஒரு மனிதர் விரைந்து நடக்கும் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான பாடம். நெரிசலான நிறுத்துதளத்தில் அதைவிடவும் மெதுவாகப் போக வேண்டும். மாணவரின் பார்வை மஞ்சள் கோட்டிலும் மூக்குச் சக்கரத்திலும் ஒட்டிக்கொள்ளும், இறக்கை நுனி எங்கோ தொலைவில் பயணம் செய்யும். இடிப்பது பெரும்பாலும் அந்த நுனிதான். போக இடம் இருக்கிறதா என்ற ஐயம் வந்தால் நிற்க வேண்டும். நின்றும் தீரவில்லையென்றால் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். இதைவிட எளிய விதி இருக்க முடியாது. ஆனாலும் இதுதான் அடிக்கடி மீறப்படுகிறது.

ஏன் மீறுகிறார்கள்? முதற்காரணம் காசு. பல பள்ளிகளில் எஞ்சின் ஓடும் நேரத்தை ஹாப்ஸ் மீட்டர் என்ற கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். பயிற்சிக் கட்டணம் அதன்படிதான். தரையில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் தன் அப்பாவின் பணம் கரைவதாக மாணவர் உணர்கிறார். கடன் வாங்கிப் படிக்க வந்தவருக்கு அந்த உறுத்தல் இன்னும் கூடுதல். அதனால் உருட்டும் வேகம் கூடுகிறது, சரிபார்ப்பு சுருங்குகிறது. அவருடைய உறுத்தல் நியாயமானது. ஆனால் மீட்டர் விலையைச் சொல்லும், மதிப்பைச் சொல்லாது. இறக்கை நுனி இடித்துவிட்டால் ஆகும் செலவும், விமானம் பட்டறையில் கிடக்கும் வாரங்களும், அதனால் தவிக்கும் மற்ற மாணவர்களின் காத்திருப்பும் எந்த மீட்டரிலும் ஓடுவதில்லை.

இரண்டாவது காரணம், தரையில் விமானம் பறக்கவில்லை என்ற எண்ணம். காற்றுக்கு அது தெரியாது. இறக்கையின் மேல் காற்று பட்டால், சக்கரம் மண்ணில் இருந்தாலும் இறக்கை தூக்கத்தான் செய்யும். அதனால்தான் எதிரிலிருந்து பக்கவாட்டில் காற்று வந்தால் ஸ்டியரிங்கைக் காற்றின் பக்கமாகத் திருப்பு என்றும், பின்னாலிருந்து பக்கவாட்டில் வந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி முன்னே தள்ளிப் பிடி என்றும் கற்பிக்கிறார்கள். பின்பக்கவாட்டுக் காற்று சிறு விமானத்தின் வாலையும் ஒரு இறக்கையையும் தூக்கிக் கவிழ்க்கக்கூடும். பெரிய ஜெட் விமானத்தின் பின்னாலோ ஹெலிகாப்டரின் அருகிலோ போனாலும் அதே அபாயம். தரையில் உருளும்போது கையைச் சும்மா மடியில் வைத்துக்கொள்ளும் மாணவர், காற்று தனக்காக ஓய்வெடுக்கும் என்று நம்புகிறார்.

மூன்றாவது காரணம், வேறு வேலையில் மூழ்கிவிடுவது. புறப்படுமுன் ஓரிடத்தில் நிறுத்தி, எஞ்சின் வேகத்தைக் கூட்டி, இரண்டு மேக்னட்டோக்களையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். மாணவர் கருவிகளைப் பார்க்கிறார், பயிற்றுநர் குறிப்பைப் பார்க்கிறார். பிரேக் முழுதாகப் பிடிக்கவில்லை, விமானம் மெல்ல முன்னே நகர்கிறது. இருவருமே நிமிர்ந்து பார்ப்பதற்குள் முன்னால் நிற்கும் விமானத்தின் வால் வந்துவிடுகிறது. இரண்டு பேர் இருந்தும் பார்த்தவர் யாரும் இல்லை. அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் விட்டுவிட்டார்கள்.

இந்தக் கேட்டைத் தவிர்க்கத்தான் விமானப் பயிற்சியில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. கட்டுப்பாட்டை ஒருவர் மற்றவரிடம் கொடுக்கும்போது, "கட்டுப்பாடு உங்களிடம்" என்று வாய்விட்டுச் சொல்கிறார். வாங்குபவர், "கட்டுப்பாடு என்னிடம்" என்று சொல்லித்தான் கையை வைக்கிறார். கொடுத்தவர் மறுபடி உறுதி செய்துகொள்கிறார். இந்தப் பேச்சு தரையிலும் நடக்க வேண்டும். யார் கையில் பிரேக் இருக்கிறது என்பது ஊகத்துக்கு விடப்படும் செய்தி ஆகக்கூடாது. வீட்டில் நோயாளிக்கு மருந்து கொடுத்தாயிற்றா, பள்ளிவிட்ட பிள்ளையை யார் அழைத்துவருவது, கேஸை யார் அணைத்தது என்று எத்தனை பொறுப்புகள் வாய்விட்டுச் சொல்லாமலேயே இரண்டு பேருக்கு நடுவில் விழுந்துபோகின்றன. பொறுப்பைக் கைமாற்றும்போது சொல்லி மாற்றுவதும் கேட்டு வாங்குவதும் சடங்கு போலத் தோன்றலாம். அந்தச் சடங்குதான் உயிர்களைக் காக்கிறது.

சரிபார்ப்புப் பட்டியலின் வரலாறும் தரையில் மறந்துபோன ஒரு காரியத்தில்தான் தொடங்குகிறது. 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகருக்கு அருகிலுள்ள ரைட் ஃபீல்டில், போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் வால் பகுதி அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. அதை விடுவிக்காமலேயே கிளம்பிவிட்டார்கள். விமானம் செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து, விழுந்து எரிந்தது. தேர்ந்த சோதனை விமானிகளான மேஜர் பிளாயர் ஹில்லும் லெஸ்லி டவரும் அதனால் இறந்தார்கள். இத்தனை சிக்கலான விமானத்தை மனித நினைவு மட்டும் வைத்து ஓட்ட முடியாது என்று உணர்ந்து, விமானிகள் எழுதிய பட்டியலைப் பார்த்துச் செய்யும் முறையை உருவாக்கினார்கள். அந்த விமானம்தான் பின்னர் பி-17 என்ற பெயரில் 12,000-க்கும் மேல் தயாரானது.

இன்று செஸ்னாவிலும் அதே வேலைக்கு ஒரு சிறு பூட்டு உண்டு. கட்டுப்பாட்டுத் தண்டில் செருகும் ஓர் உலோக ஊசி, அதனோடு சிவப்புத் தகடு. சாவி போடும் இடத்தை அந்தத் தகடு மறைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். 1935-ன் பாடம் அந்தச் சிறு தகட்டில் இருக்கிறது. பூட்டை எடுத்த பிறகும், புறப்படுமுன் கட்டுப்பாடுகளை எல்லாத் திசையிலும் முழுதாக அசைத்துப் பார்க்க வேண்டும் என்பது முதல் நாளே மாணவருக்குச் சொல்லப்படுகிறது.

முதல் நாள் கற்றது என்ன ஆகும் என்பதற்கு 2014 மே 31 சாட்சி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட், அதே வகைப் பூட்டை விடுவிக்காமல் ஓடுபாதையில் விரைந்தது. எழும்ப முடியாமல் ஓடுபாதையைத் தாண்டிப்போய்த் தீப்பற்றி, ஏழு பேரும் இறந்தார்கள். விமானிகள் இருவரும் பல ஆண்டு ஒன்றாகப் பறந்த அனுபவசாலிகள். விமானத்தின் பதிவுக் கருவியை ஆராய்ந்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது இது: அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் அவர்கள் கட்டுப்பாடுகளை முழுதாகச் சோதித்துப் பார்க்கவே இல்லை.

இந்த எண்ணைப் படித்துவிட்டு எளிதில் கடந்து போக முடியவில்லை. அத்தனை முறையும் ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராதபோதெல்லாம் அந்தப் பழக்கம் இன்னும் உறுதிப்பட்டது. நன்றாக முடிந்த ஒவ்வொரு நாளும், செய்யாமல் விட்டது தேவையற்றது என்று அவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. கெட்ட பழக்கம் தண்டனையோடு வந்தால் நாம் திருந்திவிடுவோம். அது வெற்றியோடு வருவதால்தான் திருந்துவதில்லை. மாணவராக இருக்கும்போது கண்டிக்க ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். அவர் இல்லாத இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் இருப்பதுபோல் செய்வதுதான் பயிற்சி என்பதன் பொருள்.

கவனச் சோர்வு தோல்வியில் மட்டும் வருவதில்லை. மாணவரின் வாழ்வில் மறக்கமுடியாத நாள் முதன்முதலாகத் தனியே பறக்கும் நாள். இறங்கிவிட்டார், நெஞ்சு நிறைந்திருக்கிறது, வீட்டுக்கு எப்போது போன் போடுவோம் என்றிருக்கிறது. ஓடுபாதையிலிருந்து திரும்பும் வேகம் கூடுகிறது. தரையில் ஓடும் விமானம் இன்னும் அடங்கவில்லை என்பது நினைவில் இல்லை. வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். மிகுந்த மகிழ்ச்சியில் வரும் மறதி, எல்லை கடந்த கோபத்தைவிடத் தீயது என்று அங்கே தொடங்குகிறார். அரசர்களை மனத்தில் வைத்துச் சொன்னது, விமானத்தை நிறுத்துமிடத்துக்கு உருட்டிவரும் இளைஞருக்கும் அப்படியே பொருந்துகிறது. கோபத்தில் இருப்பவனுக்குத் தான் கோபமாக இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பவரும் எச்சரிப்பார். மகிழ்ச்சியில் இருப்பவனை யாரும் எச்சரிப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கவனம் பற்றியது. இனிச் சொல்வது அதைவிடக் கனமானது, உண்மை பற்றியது.

விமானத்தை நகர்த்த மூக்குச் சக்கரத்தில் மாட்டும் இழுதண்டு ஒன்று உண்டு. அதைக் கழற்ற மறந்து எஞ்சினைக் கிளப்பினால் புரொப்பெல்லர் அதை அடிக்கும். பயிற்சியில் தடுமாறி மூக்கு கீழே இருக்க இறங்கினாலும் புரொப்பெல்லர் தரையில் படும். ஹேங்கரில் தள்ளும்போது கதவில் இடித்தாலும் அடிதான். வெளியே தெரிவது அலகில் ஒரு சிறு பள்ளம். அந்த அடி எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் வழியாக உள்ளே போய் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. பயிற்சி விமானங்களில் பரவலாக இருக்கும் லைகாமிங் எஞ்சின்களுக்கு, இப்படி அடிபட்டால் கிராங்கின் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் ஊசியையும் திறந்து சோதித்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க விமானத்துறை 2004-ல் கட்டாய ஆணை போட்டது. அந்த போல்ட் தளர்ந்தால் எஞ்சின் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நின்றுவிடக்கூடும். எஞ்சின் ஓடாமல் இருந்தபோது பட்ட அடியும், சிறு தேய்ப்புக்கு மேல் புரொப்பெல்லரைப் பழுது பார்க்க வேண்டியதாக இருந்தால், அடி என்றே கணக்கு.

இப்போது அந்த மாணவரை நினைத்துப் பாருங்கள். யாரும் பார்க்கவில்லை. எஞ்சின் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. சொன்னால் திட்டு விழும், பணம் கட்டச் சொல்வார்கள், பயிற்சி தள்ளிப்போகும், கூடப் படிப்பவர்கள் முன் தலைகுனிய வேண்டும். சொல்லாவிட்டால் இன்று எதுவும் ஆகாது. அரை மணி நேரத்தில் அடுத்த மாணவர் வந்து அதே இருக்கையில் உட்கார்ந்து, அதே எஞ்சினை நம்பி வானத்துக்கு எழும்புவார். அவருக்கு அந்தப் பள்ளம் தெரியாது. தெரிந்தவர் ஒருவரே, அவர் வாய் திறக்கவில்லை. கவனக்குறைவை மன்னிக்கலாம். மனிதர் யாருக்கும் வரும். மறைத்தல் தெரிந்தே செய்யும் காரியம். அடுத்தவரின் உயிரைத் தன் மானத்துக்கு ஈடு வைக்கும் காரியம்.

ஆகவே, உண்மை சொல்பவரை ஒரு பள்ளி எப்படி நடத்துகிறது என்பதும் அறத்தின் கேள்விதான். அமெரிக்காவில் 1976-ல், தண்டிக்கும் அதிகாரம் இல்லாத நாசாவின் பொறுப்பில் தவறுகளைத் தெரிவிக்கும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். விமானியோ கட்டுப்பாட்டாளரோ தொழில்நுட்பரோ, தாம் செய்த தவறையும் நேர இருந்த ஆபத்தையும் அதற்கு எழுதலாம். பெயர் நீக்கப்பட்டுவிடும். வேண்டுமென்று செய்யாத மீறலாக இருந்து, 10 நாட்களுக்குள் எழுதியிருந்தால், சில நிபந்தனைகளோடு தண்டனையிலிருந்தும் விலக்கு உண்டு. ஒருவரின் தவறு ஆயிரம் பேருக்குப் பாடமாக வேண்டுமானால், சொன்னவரை அடிக்கக்கூடாது என்ற ஞானம் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. சொன்ன மாணவரைப் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தும் பயிற்றுநர், அந்தப் பத்துப் பேருக்கும் மறைக்கக் கற்றுக்கொடுக்கிறார்.

பயிற்றுநர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பலர் விமான நிறுவன வேலைக்கு வேண்டிய 1,500 மணியைச் சேர்ப்பதற்காகவே கற்பிக்க வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் தன் பதிவேட்டை நிரப்புவதில் கண்ணாக இருப்பவருக்கு, மாணவர் சாவியை எங்கே வைத்தார் என்பதைப் பார்க்க நேரம் இருக்காது. மாணவர் பயிற்றுநரின் பேச்சைவிட அவருடைய நடையைத்தான் படிக்கிறார். பட்டியலைப் பாராமல் வாயால் ஒப்பிக்கும் பயிற்றுநரிடம் பயின்றவர், நாளை அதையும் விட்டுவிடுவார். ஓடாத புரொப்பெல்லருக்கு முன்னால் குறுக்கே நடக்காமல் சுற்றிப் போகும் பயிற்றுநரிடம் பயின்றவருக்கு, அந்த மரியாதை உடம்பிலேயே ஊறிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்தும் விமானி ஆக வேண்டும் என்ற கனவோடு பிள்ளைகள் கிளம்பிப் போகிறார்கள். நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ பல பத்து லட்சம் ரூபாய் கட்டும் பெற்றோர், "இன்னைக்கு எத்தனை மணி நேரம் பறந்தே?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். அதோடு, "வண்டிய ஒழுங்கா கட்டிட்டு வந்தியாப்பா? ஏதாச்சும் இடிச்சிருந்தா மறைக்காம சொல்லிட்டியா?" என்றும் கேளுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, பணம் போனாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிவிட்டு வா என்று வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தால், அந்தப் பிள்ளைக்கு அது எந்தப் பயிற்றுநரும் தர முடியாத பலம்.

விமானம் ஓட்டாத நமக்கும் இதில் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைச் சிகிச்சைக்கென்று 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. கத்தியை எடுக்குமுன் நோயாளி யார், எந்தப் பக்கம் என்று உறுதி செய்வதும், நோயாளி அறையைவிட்டுப் போகுமுன் கருவிகளையும் பஞ்சுகளையும் எண்ணிப் பார்ப்பதும் அதில் உண்டு. அறுப்பது மட்டுமே வேலை என்று நினைத்தவர்களுக்கு, அறுப்பதற்கு முன்னும் பின்னும் இருப்பதும் வேலைதான் என்று அது நினைவூட்டியது. பள்ளி வேனைப் பின்னால் எடுக்குமுன் இறங்கி ஒரு சுற்று நடந்து பார்க்கும் ஓட்டுநரும், சொல்லித்தந்த பிறகு புரிந்ததா என்று கடைசி வரிசைவரை போய்க் கேட்கும் ஆசிரியரும், பூட்டிய கடைக்குள் மின்விசிறி ஓடுகிறதா என்று திரும்பிப் போய்ப் பார்க்கும் கணக்கரும் அதே அறத்தைத்தான் செய்கிறார்கள். யாரும் அவர்களைப் பாராட்டுவதில்லை. நேராத விபத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

எனவே, விமானம் ஓட்டக் கற்பவர்களையும் கற்பிப்பவர்களையும், வேறு எந்த வேலையில் இருப்பவர்களையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை மீட்டரிடமோ பதிவேட்டிடமோ சம்பளத்திடமோ கேட்காதீர்கள். பொறுப்பு உங்கள் கைக்கு வந்த நொடியில் வேலை தொடங்கிவிட்டது. அடுத்தவர் கையில் அது பழுதில்லாமல், பழுதிருந்தால் அந்தப் பழுதைச் சொல்லி, சேர்த்த பிறகுதான் முடிகிறது. நடுவில் சில்லறைக் காரியம் என்று எதுவும் கிடையாது.